முகப்பைப் பார்த்து வயதைச் சொல்லாதீர்கள்

இங்கிலாந்தின் பழைய நகரங்களில் ஒரு வீட்டின் வயதை முகப்பு சொல்லாது. சீரான செங்கல் சுவர், மேலும் கீழும் நகரும் சாஷ் ஜன்னல் என எல்லாமே 18-ஆம் நூற்றாண்டுப் பாணியில் இருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் பலர் தங்கள் பழைய மரச்சட்ட வீட்டை இடிக்கவில்லை. தெருப்பக்கச் சுவரை மட்டும் புதுப் பாணிக்கு மாற்றிக்கொண்டார்கள். உள்ளே பழைய ஓக் சட்டம் அப்படியே நின்றது. பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். இது தெரியாமல் நல்ல வீட்டைக் கெடுத்துக்கொள்பவர்களைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது.

இப்படிப்பட்ட வீட்டில் நான் முதலில் ஏறிப் பார்ப்பது கூரைக்கு அடியில் இருக்கும் பரணை. இடைக்கால வீட்டின் நடுக்கூடத்துக்குப் புகைபோக்கி கிடையாது. தரையின் நடுவே அடுப்பு எரியும், புகை கூரை வழியாக வெளியேறும். அதனால் கைமரங்களில் கரி படிந்துவிடும். புகைபோக்கி கட்டி, கூடத்துக்கு மேல் மாடித்தளம் போட்ட பிறகும் அந்தக் கரி மேலேயே தங்கிவிட்டது. சட்டங்கள் சேரும் இடத்தில் தச்சர்கள் கீறிய ரோமன் எண்கள் தெரியும். தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, கழற்றிக் கொண்டுவந்து நிறுத்துவதற்காக இட்ட குறிகள் அவை. எண்கள் வரிசை மாறாமல் இருந்தால் கூரையும் பெரும்பாலும் இடம் மாறாதது. காலியான மர ஆணித் துளைகளையும் விடக்கூடாது. அங்கே ஒரு தடுப்பு இருந்திருக்கலாம், அல்லது அது வேறு கட்டடத்திலிருந்து வந்த மரமாக இருக்கலாம்.

அப்புறம் நிலவறை. மேலே இருக்கும் வீட்டைவிட அது பழையதாக இருக்கலாம். நாரிச் நகரில் 1507-இல் நடந்த தீவிபத்துகளில் நூற்றுக்கணக்கான வீடுகள் அழிந்தன. ஆனாலும் வளைவுக் கூரை கொண்ட இடைக்கால நிலவறைகள் அங்கே இன்றும் ஏராளம். அதே ஊரின் ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஹால் இதற்கு அருமையான உதாரணம். நிலவறை சுமார் 1320-ஐச் சேர்ந்தது, அதன்மேல் இருக்கும் பெரிய கூடம் 15-ஆம் நூற்றாண்டு. வணிகர்களும் மேயர்களும் தலைமுறை தலைமுறையாக அறைகளைச் சேர்த்தார்கள். இடிபடவிருந்த அந்த வீட்டை லியோனார்ட் போலிங்புரோக் என்ற வழக்கறிஞர் 1899-இல் வாங்கிக் காப்பாற்றினார். இப்போது அது அருங்காட்சியகம்.

இத்தகைய வீட்டுக்குப் பெரிய எதிரி சிமெண்ட். பழைய சுவரில் ஈரம் ஏறும், சுண்ணாம்புச் சாந்து வழியாக அது காய்ந்துவிடும். மேலே சிமெண்ட் பூசினால் விரிசலில் புகுந்த தண்ணீர் வெளியே வர வழியின்றி ஓக் சட்டத்திலேயே தங்கும். உத்தரத்தின் முனை உளுத்துப்போகும். ஈர ஓக் என்றால் மரத்தைத் துளைக்கும் டெத்வாட்ச் வண்டுக்கும் கொண்டாட்டம்தான். வெளியே சுவர் பளிச்சென்று இருப்பதால், உள்ளே நடப்பது வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது. ஈரம் தெரிந்ததும் சிலர் அதைத் தடுக்கச் சுவருக்குள் ரசாயனம் ஏற்றச் சொல்வார்கள். அதற்கு முன்னால் தண்ணீர்க் குழாயையும் வெளித்தரை மட்டத்தையும் பாருங்கள். பல இடங்களில் கோளாறு அங்கேதான் இருக்கும்.

அரசு விதிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். பழைய கட்டடங்களுக்கான அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள வீட்டில் முகப்பு மட்டுமல்ல, படிக்கட்டு, கதவு, பரண் மரம் உட்பட உள்பகுதியும் பாதுகாக்கப்பட்டதே. அதன் தன்மையைப் பாதிக்கும் வேலையை அனுமதியின்றிச் செய்வது கிரிமினல் குற்றம். முந்தைய உரிமையாளர் செய்த மாற்றத்தைச் சரிசெய்யும்படி, எத்தனை வருடம் கழித்தும், இப்போதைய உரிமையாளருக்கு நோட்டீஸ் வரலாம். எனவே வீடு வாங்கக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பழைய அனுமதிக் கடிதங்களை வக்கீல் மூலம் கேட்டு வாங்குங்கள். வீட்டின் நிலையைச் சோதிக்க, பழைய கட்டடங்களில் பழக்கமுள்ள சர்வேயரையே அமர்த்துங்கள், பரணுக்குள் ஏறிப் பார்க்க வேண்டும் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.