மேல்வரைவு அல்ல, மிகைப்பற்று

நியூ ஜெர்சியில் எங்கள் குடியிருப்பில் மகன் வீட்டோடு தங்கியிருக்கும் பெரியவர் ஒருவர், போன மாதம் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். கும்பகோணத்தில் முப்பது ஆண்டுகள் மளிகைக் கடை நடத்தியவர். வங்கியிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தைக் கைபேசியில் தமிழாக்கிப் படித்திருக்கிறார். திரையில் இருந்தது இது: "உங்கள் சரிபார்ப்புக் கணக்கில் மேல்வரைவுக் கட்டணம் விதிக்கப்பட்டுள்ளது. இக்கட்டணத்தைத் தகராறு செய்ய எங்களை அழைக்கவும்."

"கணக்கைச் சரிபார்ப்பதற்கு 35 டாலரா தம்பி? அதுவும் மூன்று தடவையா? இதில் நான் யாரோடு தகராறு செய்தேன்?" என்று கேட்டார்.

இரண்டு வாக்கியங்களில் மூன்று பிழைகள். மூன்றும் பொருளையே கவிழ்க்கிற பிழைகள். 'மேல்வரைவு' என்ற சொல்லை இதற்கு முன்பும் பல இடங்களில் பார்த்துப் பொறுத்துப் போயிருக்கிறேன். இந்த முறை முடியவில்லை.

ஆங்கிலக் கடிதத்தில் 'மேல்வரைவு' நிற்கும் இடத்தில் இருந்த சொல் ஓவர்டிராஃப்ட். அதில் உள்ள 'டிராஃப்ட்', இழுத்தலைக் குறிக்கும் 'டிரா' என்ற வினையிலிருந்து பிறந்தது. கிணற்றில் நீர் இறைப்பதும், கோடு கிழிப்பதும், வங்கியிலிருந்து பணம் எடுப்பதும் ஆங்கிலத்தில் அந்த ஒரே வினைதான். இருப்பை மீறி எடுத்தால் ஓவர்டிராஃப்ட். 1728இல் எடின்பரோவில் வில்லியம் ஹாக் என்ற வணிகர், தம் கணக்கில் இருந்ததற்கு மேல் 1,000 பவுண்டு வரை எடுத்துக்கொள்ள ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து இசைந்தது. இந்த ஏற்பாட்டின் தொடக்கமாக வழக்கமாகச் சொல்லப்படுவது அதுதான். வரலாறு இவ்வளவு போதும்.

இனி 'மேல்வரைவு'. 'டிரா' என்றதும் ஓவியம் வரைவது ஒன்றுதான் மொழிபெயர்த்தவரின் நினைவுக்கு வந்திருக்கிறது. ஓவர் என்றால் மேல், டிராஃப்ட் என்றால் வரைவு, ஒட்டிவிட்டார். தமிழில் வரைதல் என்பது தீட்டுவது, எழுதுவது, வரையறுப்பது. பணத்தை யாரும் வரைவதில்லை. "டிமாண்ட் டிராஃப்டை வரைவோலை என்று மட்டும் சொல்கிறோமே" என்று கேட்பார்கள். அது சரியான சொல்தான். வரைவோலை என்பது எழுதித் தரும் ஓலை. 'கடிதம் வரைந்தான்' என்பது போல அங்கே வரைதல் எழுதுதல் என்ற பொருளில் நிற்கிறது, கையில் ஒரு தாளும் இருக்கிறது. ஓவர்டிராஃப்டில் தாள் எங்கே, எழுத்து எங்கே? அங்கே நடப்பதெல்லாம் இல்லாத பணம் வெளியே போவதும் அது கடனாக நிற்பதும்தான். அரசிதழில் 'வரைவு அறிவிக்கை' என்று படித்துப் பழகியவர் 'மேல்வரைவு' என்பதைப் பார்த்தால், ஏதோ முன்வடிவுக்கு மேல் எழுதிய இன்னொரு முன்வடிவு என்றுதான் நினைப்பார். பணம் என்ற எண்ணமே எழாது.

தமிழ்நாட்டு மேல்நிலைக் கணக்குப்பதிவியல் பாடநூலில் 'மேல்வரைப்பற்று' என்று இருக்கிறது. இது பாதிக் கிணறு தாண்டிய சொல். 'பற்று' வந்துவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் அந்த 'மேல்வரை' ஏன்? வரை என்றால் எல்லை, எல்லைக்கு மேலான பற்று என்று சிலர் நியாயம் சொல்வார்கள். அந்தப் பொருள் வேண்டுமானால் எல்லை முன்னும் மேல் பின்னுமாக அல்லவா வரவேண்டும்? மேல்வரை என்றால் மேல் எல்லை என்றுதான் ஆகும். எல்லையைத் தாண்டியது என்று ஆகாது. அங்கேயும் 'டிராஃப்ட்' என்ற ஆங்கில நிழல் விழுந்திருக்கிறது. நிழலை நீக்கினால் மிஞ்சுவது பற்று. அதோடு மிகை சேர்ந்தால் சொல் முடிந்தது: மிகைப்பற்று. இலங்கையில் கணக்கீடு படிக்கிற பிள்ளைகள் 'வங்கி மேலதிகப்பற்று' என்று எழுதுகிறார்கள். அதிலும் எனக்குக் குறையில்லை. வரைவை உள்ளே விடாமல் பொருளைப் பிடித்திருக்கிறார்கள்.

பற்று என்றால் ஆசை அல்லவா, மொழிப்பற்று நாட்டுப்பற்று போல மிகைப்பற்று என்றால் அளவுகடந்த பாசம் என்று ஆகாதா என்பது இன்னொரு தடை. இதை எழுப்புகிறவர்கள் பற்று வரவு நோட்டைப் புரட்டிப் பார்த்ததில்லை போலும். பற்றுதல் என்றால் பிடித்துக்கொள்ளுதல், கைக்கொள்ளுதல். பணம் பெற்றதற்கு இலங்கையில் கொடுப்பது பற்றுச்சீட்டு. கடையில் சரக்கு எடுத்தால் பெயருக்கு நேரே விழுவது பற்று. பணம் கட்டினால் விழுவது வரவு. வரவை மிஞ்சிய பற்று மிகைப்பற்று. இதற்கு மேல் ஒரு கலைச்சொல் தன்னைத் தானே விளக்க முடியாது.

பெரியவரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "ஐயா, உங்கள் வரவு தீர்ந்த பிறகும் பற்று எழுதியிருக்கிறார்கள். அப்படி எழுதிய ஒவ்வொரு தடவைக்கும் 35 டாலர் கட்டணம் போட்டிருக்கிறார்கள்." அவர் முகம் உடனே மாறியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கணக்குத் தாளைக் கையில் வாங்கினார். மருந்துக் கடை, பஸ் அட்டை, மின்கட்டணம் என்று மூன்று வரிகளிலும் விரலை வைத்தார். "நம் கடையில் வரவு இல்லை என்றால் சரக்கு இல்லை என்று சொல்லிவிடுவேனே. கொடுக்கச் சொல்லி நான் எப்போது கேட்டேன்?"

அவர் கேட்ட கேள்விதான் அமெரிக்க விதியின் மையமும். பணம் வழங்கும் இயந்திரத்திலோ பற்று அட்டையில் ஒருமுறை வாங்கும்போதோ மிகைப்பற்றுக் கட்டணம் போடுவதென்றால், வாடிக்கையாளரிடம் முன்சம்மதம் பெற்றிருக்க வேண்டும் என்று 2010 முதல் விதி உண்டு. காசோலைக்கும் தானாகக் கழியும் மாதக் கட்டணங்களுக்கும் அது பொருந்தாது. தொலைபேசியில் அழைத்து, முன்சம்மதம் கொடுத்த பதிவைக் காட்டுங்கள் என்று கேட்டோம். பதிவு இல்லை. மருந்துக் கடைக்கும் பஸ் அட்டைக்கும் போட்ட 70 டாலர் திரும்பி வந்தது. தானாகக் கழிந்த மின்கட்டணத்துக்கு உரியது வரவில்லை.

செலவுகளை வங்கி எந்த வரிசையில் கழிக்கிறது என்ற விஷயமும் இதில் உண்டு. கணக்கில் 100 டாலர் இருக்கிறது. ஒரே நாளில் 12, 8, 20, 95 என்று நான்கு செலவுகள் அந்த வரிசையில் வருகின்றன. வந்தபடி கழித்தால் கடைசி ஒன்றுதான் மிகைப்பற்று. கட்டணம் 35 டாலர். பெரிய தொகையை முதலில் கழித்தால் 5 டாலர்தான் மிஞ்சும். மற்ற மூன்றும் மிகைப்பற்று ஆகிவிடும். கட்டணம் 105 டாலர். இப்படிக் கழித்ததற்காகத்தான் 2010இல் கலிபோர்னியாவில் நீதிபதி வில்லியம் ஆல்சப், சுமார் 20 கோடியே 30 லட்சம் டாலரைத் திருப்பித் தரும்படி வெல்ஸ் ஃபார்கோ வங்கிக்கு ஆணையிட்டார். இதே போன்ற வழக்கில் அடுத்த ஆண்டு பாங்க் ஆஃப் அமெரிக்கா 41 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. பெரிய வங்கிகளுக்கு இக்கட்டணத்தை 5 டாலராகக் குறைக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு முகமை 2024 டிசம்பரில் கொண்டுவந்த விதி, நடைமுறைக்கு வருமுன்பே 2025 மே மாதம் ரத்தாகிவிட்டது. இவ்வளவையும் 'மேல்வரைவு' என்று போட்டு எழுதிப் பாருங்கள். படிப்பவருக்கு ஒன்றுகூட விளங்காது.

'கட்டணம்' என்பதை இங்கே சிலர் 'அபராதம்' என்று எழுதுகிறார்கள். அதையும் ஒப்பமாட்டேன். அபராதம் என்றால் குற்றம் முன்பே நிரூபணமாகிவிட்டது என்று பொருள். முறையிடப் போகிறவனைக் குற்றவாளியாக்கி அனுப்புகிற சொல் அது.

அடுத்தது 'சரிபார்ப்புக் கணக்கு'. ஆங்கிலத்தில் அது 'செக்கிங் அக்கவுண்ட்'. அமெரிக்காவில் 'செக்' என்பது காசோலை. காசோலை எழுதிப் பணம் எடுக்கும் கணக்கு காசோலைக் கணக்கு. மோசடியைத் தடுக்கச் சரிபார்க்கும் காசோலை அடிக்கட்டையிலிருந்துதான் 'செக்' என்ற பெயர் வந்தது, ஆகவே சரிபார்ப்பு என்பதும் பொருந்தும் என்று ஒரு நண்பர் வாதாடினார். வேர் எதுவாகவும் இருக்கட்டும், இன்று அந்தச் சொல் நிற்கும் இடம் காசோலை. நடப்புக் கணக்கு என்று எழுதலாம்தான். ஆனால் தமிழ்நாட்டில் அது வியாபாரிகள் வைத்திருக்கும் கணக்கு. அமெரிக்காவில் சம்பளம் வந்து விழுவதே இந்தக் கணக்கில் என்பதால் காசோலைக் கணக்குதான் குழப்பம் தராது.

கடைசியாகத் 'தகராறு'. அகராதியில் 'டிஸ்பியூட்' என்பதற்கு நேரே நிற்கும் சொற்களில் ஒன்றை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள். அகராதி தருவது ஒரு சொற்குவியல். அதிலிருந்து இடத்துக்கு உரியதைப் பொறுக்குவதற்குத்தான் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அந்த வேலையை இயந்திரத்திடம் விட்டுவிட்டு, வந்ததைப் படித்துக்கூடப் பார்க்காமல் மக்கள் கையில் கொடுப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. வங்கியோடு தகராறு செய்யச் சொன்னால் மானமுள்ள எந்தப் பெரியவர் தொலைபேசியை எடுப்பார்? சண்டைக்காரன் என்று பெயர் வாங்குவதைவிட 105 டாலர் போகட்டும் என்று இருந்துவிடுவார். அந்த வாக்கியத்தை நான் இப்படி எழுதுவேன்: "உங்கள் காசோலைக் கணக்கில் மிகைப்பற்றுக் கட்டணம் விதிக்கப்பட்டுள்ளது. இக்கட்டணம் தவறு என்று கருதினால் எங்களிடம் முறையிடலாம்." இதை ஒரு தாளில் எழுதிப் பெரியவரிடம் கொடுத்தேன். அவர் அதை மடித்து வங்கி அட்டையோடு பர்ஸில் வைத்துக்கொண்டார்.