குரல்கள் அடங்கிய பிறகும்

தேக்கா உணவங்காடியில் ஆர்டர் எடுப்பவரைக் கொஞ்சம் கவனியுங்கள். "ரெண்டு பராட்டா, ஒன்னு முட்டை போட்டு, தே சி ஒன்னு, கோப்பி ஓ கோசோங் ஒன்னு." எதையும் எழுதிக்கொள்ள மாட்டார். பக்கத்து மேசையைத் துடைத்துவிட்டு, உள்ளே போய் அப்படியே ஒப்பிப்பார். அந்த ஒரு நிமிடம் விஷயத்தைத் தலைக்குள் தாங்குவதுதான் செயல்நினைவு. நெற்றிக்குப் பின்னாலிருக்கும் முன்மூளைக்கு இதில் பெரிய பங்கு. ஒரே சமயத்தில் சுமார் 4 விஷயம்தான் அங்கே நிற்கும். பழகியவர்கள் பலவற்றை ஒரே பொட்டலமாகக் கட்டிச் சமாளிக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி வேலை பார்த்தவர். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) வந்தது, யாரும் பேசாமலே காதில் குரல்கள் கேட்டன. மருந்தில் அவை அடங்கின. ஆர்டர் மட்டும் தலையில் நிற்கவில்லை. "அதான் சரியாயிடுச்சே, அப்புறம் என்ன சோம்பேறித்தனம்?" என்றார்கள் வீட்டில். அதுவும் நோய்தான்.

இதை அளக்க ஒரு சோதனை உண்டு. தாளின் மேலே 1 முதல் 9 வரை, எண்ணுக்கு ஒரு குறி. கீழே வெறும் குறிகள். 90 விநாடிக்குள் முடிந்தவரை ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணை எழுத வேண்டும். எழுத எழுத நமக்குச் சில குறிகள் மனத்தில் ஒட்டிவிடும். அவருக்கு ஒட்டவில்லை. ஒவ்வொரு குறிக்கும் கண் மேலே போய்த் திரும்பியது, பென்சில் நின்று நின்று நகர்ந்தது. மனச்சிதைவு உள்ளவர்கள் மிகவும் பின்தங்குவது இந்த வகைச் சோதனையில்தான்.

மருந்து ஏன் இதைச் சரிசெய்வதில்லை? மூளையின் ஆழத்தில் டோப்பமின் என்ற, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள் மிகுவதைக் குரல்களோடு தொடர்புபடுத்துகிறார்கள். மருந்து அதைத்தான் தடுக்கிறது. முன்மூளையிலோ டோப்பமின் போதவில்லை என்பது பலருடைய கருத்து. இல்லாததைத் தடுத்து என்ன லாபம்? போதாக்குறைக்கு, மருந்தால் வரும் கைநடுக்கத்துக்குக் கொடுக்கும் பென்ஸ்ஹெக்ஸால் நினைவை இன்னும் மங்கவைக்கலாம். (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.)

மனச்சோர்வில் கதை கொஞ்சம் வேறு. சிங்கப்பூரில் 16 பேரில் ஒருவருக்கு அது வாழ்நாளில் வந்திருக்கிறது என்றது 2016ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு. "என்னால முடியாது" என்ற எண்ணம் சுற்றிச்சுற்றி வந்து, இருக்கிற நாலு இடத்தில் பாதியைப் பிடித்துக்கொள்கிறது. மனம் தேறிய பிறகும் பலருக்கு வேகம் உடனே திரும்புவதில்லை.

நினைவுப் பயிற்சிகள் ஓரளவு உதவுகின்றன, அன்றாட வேலையோடு சேர்த்துச் செய்தால் இன்னும் நல்லது. நம்மவர் இப்போது சின்ன நோட்டு வைத்திருக்கிறார். மேசை எண், பானம், சாப்பாடு, எப்போதும் அதே வரிசை. மாற்றிச் சொன்னால் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, முதல்ல தண்ணி சொல்லுங்க" என்பார்.