காசநோயாளிக்கு உரிய 6,000 ரூபாய் எங்கே சிக்கிக்கொள்கிறது?

விசைத்தறிப் பட்டறையில் நூல் தார் சுற்றும் வேலை பார்த்த ஓர் அம்மா, ஆறு மாத காசநோய் சிகிச்சையை ஒரு நாள்கூட விடாமல் முடித்த பிறகு, பிளாஸ்டிக் உறையிலிருந்து பாஸ்புக்கை எடுத்து என் முன் விரித்தார். சிகிச்சைக் காலம் முழுவதற்கும் அவருக்கு வர வேண்டிய ஊட்டச்சத்து உதவித்தொகையில் ஒரு ரூபாய்கூட அதில் வரவாகியிருக்கவில்லை. காசநோய்ப் பிரிவில் கேட்டால் “பேங்க்ல போய்க் கேளுங்கம்மா” என்றார்கள். வங்கியில் கேட்டால் “கவர்ன்மென்ட்ல இருந்தே வரலம்மா” என்றார்கள். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போனது. ஐந்தாவது நடைக்கு நானும் உடன் சென்றேன். அவருடைய பதிவைக் கணினியில் திறந்தபோது, வங்கிக் கணக்கு ஏற்கப்படவில்லை என்ற ஒற்றை வரி ஐந்து மாதங்களாக அங்கே கிடந்தது தெரிந்தது. அவருடைய வங்கி வேறொரு வங்கியுடன் இணைக்கப்பட்டுவிட்டது. பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் இருந்ததோ பழைய ஐஎஃப்எஸ்சி எண், அதாவது வங்கிக் கிளையின் பழைய குறியீடு. மாதந்தோறும் மாத்திரை வாங்க அதே கட்டடத்துக்கு அவர் வந்துபோயிருக்கிறார். அந்த ஒரு வரியை அவரிடம் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை.

திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிக்ஷய் போஷன் யோஜனா என்ற பெயரில் 2018 ஏப்ரல் முதல் காசநோயாளிகளுக்கு மாதம் 500 ரூபாய் அவர்களின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்பட்டு வந்தது. 2024 நவம்பர் 1 முதல் அது மாதம் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆறு மாத சிகிச்சை பெறுபவருக்கு மொத்தம் 6,000 ரூபாய். நோய் உறுதியாகிப் பதிவானதும் 3,000 ரூபாயும், 84 நாள் சிகிச்சை முடிந்ததும் 3,000 ரூபாயும் வர வேண்டும். சிகிச்சை ஆறு மாதத்துக்கு மேல் நீண்டால், நீளும் ஒவ்வொரு மாதத்துக்கும் 1,000 ரூபாய் உண்டு. வருமான வரம்பு கிடையாது, முட்டை வாங்கியதற்கும் பால் வாங்கியதற்கும் ரசீது காட்ட வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் அடிப்படை, நிக்ஷய் என்ற அரசு இணையப் பதிவில் உங்கள் பெயர் ஏறியிருப்பதுதான். அந்தப் பதிவில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் எண் தரப்படும். அந்த எண்ணைச் சிகிச்சை தொடங்கும் நாளிலேயே கேட்டு வாங்கி, சிகிச்சை அட்டையிலும் பாஸ்புக்கின் பின் அட்டையிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். “பதிஞ்சாச்சு, போங்க” என்ற பதிலை ஏற்றுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். எண் கையில் இல்லாதவரின் கேள்விக்கு எந்த அலுவலகத்திலும் பதில் கிடைப்பதில்லை.

தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். “இது கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி பேஷன்டுக்கு மட்டும்தான்” என்று யாராவது சொன்னால் அது தவறு. பதிவாகியிருக்கும் எல்லா நோயாளிகளுக்கும் இந்தத் தொகை உண்டு. சிக்கல் என்னவென்றால், பல தனியார் மருத்துவர்கள் பதிவே செய்வதில்லை. காசநோயாளியைக் கண்டறிந்தால் அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் மருத்துவர்களுக்குக் கட்டாயம். 2018 அறிவிக்கையின்படி ஆய்வகங்களுக்கும் மருந்துக் கடைகளுக்கும் அந்தப் பொறுப்பு உண்டு, தவறினால் சிறைத் தண்டனை வரை போகும் பிரிவுகளே அதில் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. பதிவு செய்யும் தனியார் மருத்துவருக்கு அரசு ஊக்கத்தொகையும் தருகிறது. ஆகவே மருத்துவரிடம் தயங்காமல், “என் பெயரை நிக்ஷயில் பதிந்துவிட்டீர்களா, எண் என்ன?” என்று கேளுங்கள். அவர் மழுப்பினால், பரிசோதனை முடிவின் நகலோடு அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவுக்கு நேரே சென்றுவிடலாம். தனியார் மருத்துவரிடமே சிகிச்சையைத் தொடர்ந்துகொண்டு, மாத்திரைகளை அரசிடமிருந்து இலவசமாகப் பெறவும் வழி உண்டு. ஆயிரக்கணக்கில் கடன் வாங்கி மருந்து வாங்கிய குடும்பங்களுக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பச் சொல்லப்படும் வேறு சில காரணங்களும் செல்லாதவையே. சளியில் கிருமி தென்படவில்லை, எக்ஸ்ரேயைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்த நோய் என்றாலும் தொகை உண்டு. கழுத்து நெறிகட்டி, எலும்பு, வயிறு என நுரையீரலுக்கு வெளியே வந்த காசநோய்க்கும் உண்டு. முன்பு ஒருமுறை வாங்கியவருக்கு நோய் திரும்ப வந்தால், புதிய பதிவுக்குப் புதிதாக உண்டு. ஒரே வீட்டில் இருவருக்கு நோய் என்றால் இருவருக்கும் தனித்தனியாக உண்டு. ரேஷன் அட்டை எந்த ஊரில் இருக்கிறது என்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஆதார் இல்லை என்பதற்காகச் சிகிச்சையை ஒருவரும் மறுக்க முடியாது.

இனி வங்கிக் கணக்கு. சிக்கிக்கொள்ளும் பணத்தில் பெரும்பகுதி இங்கேதான் சிக்குகிறது என்பது என் அனுபவம். 2019இலும் 2020இலும் பல வங்கிகள் இணைக்கப்பட்டன: விஜயா வங்கி பேங்க் ஆஃப் பரோடாவுடனும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியுடனும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியுடனும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியுடனும் சேர்ந்தன. இவற்றின் பழைய பாஸ்புக் உங்களிடம் இருந்தால், அதன் நகலைக் காசநோய்ப் பிரிவில் கொடுக்காதீர்கள். முதலில் கிளைக்குச் சென்று புதிய பாஸ்புக் வாங்குங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கியிருக்கும். அடையாளச் சான்று கொடுத்து அதை உயிர்ப்பிக்க வங்கி கட்டணம் வாங்கக் கூடாது. பாஸ்புக்கில் ‘லட்சுமி’, ஆதாரில் ‘லக்ஷ்மி’, பரிசோதனைச் சீட்டில் கணவர் பெயரோடு சேர்ந்த மூன்றாவது வடிவம் என்று இருந்தாலும் கணக்கு ஏற்கப்படாமல் போகலாம். பதிவின்போதே பாஸ்புக்கில் உள்ளபடி பெயரை எழுதச் சொல்லுங்கள். குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டிய சாதாரணக் கணக்காக இருந்தால், வரும் 3,000 ரூபாயில் ஒரு பகுதியை அபராதமாக வங்கியே எடுத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. இருப்பு வைக்கத் தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கைத் தொடங்குவதே பாதுகாப்பு.

சொந்தக் கணக்கு இல்லாதவர்கள், எழுத்து மூலமாக ஒப்புதல் கொடுத்து நெருங்கிய உறவினரின் கணக்கைத் தரலாம். ஆனால் பெண்களுக்கு நான் ஒன்றை அழுத்திச் சொல்வேன்: கணவர் குடிப்பவராக இருந்தால் அவருடைய கணக்கு எண்ணைக் கொடுக்காதீர்கள். இந்தப் பணம் முட்டையாகவும் பயறாகவும் நோயாளியின் தட்டுக்கு வந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. ஜார்க்கண்டில் காசநோயாளிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் உணவுப் பொருள்கள் கொடுத்து நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. ஊட்டம் பெற்ற குடும்பங்களில் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. முதல் இரண்டு மாதங்களில் எடை 5 விழுக்காடு கூடிய நோயாளிகளிடம் இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. முதல் தவணை தாமதமாவதன் விலை என்ன என்பதை இந்தக் கணக்கைக் கொண்டு அதிகாரிகள் யோசிக்க வேண்டும். ஆறாம் மாதம் வரும் பணத்தால், முதல் மாதம் சாப்பிடாத முட்டையைச் சாப்பிட முடியாது.

இதே காரணத்தால், பதிவு நாளன்று எடையும் உயரமும் அளக்கப்பட்டு அட்டையில் எழுதப்படுகின்றனவா என்று கவனியுங்கள். உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாதவர்களுக்கு, அதாவது 155 செ.மீ. உயரமுள்ளவர் 44 கிலோவுக்குக் கீழே இருந்தால், முதல் இரண்டு மாதங்களுக்குத் தனியாகச் சத்துணவும் தர வேண்டும் என்ற ஏற்பாடு உள்ளது. எடை எழுதப்படாவிட்டால் அந்த உரிமையும் சத்தமில்லாமல் போய்விடும். தினமும் எத்தனை மாத்திரை என்பதும் எடையைப் பொறுத்ததே: 35 முதல் 49 கிலோ வரை மூன்று, 50 முதல் 64 கிலோ வரை நான்கு. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின்படி, நோய் கண்டறிந்தவுடனேயே கடும் மெலிவு, மூச்சுத் திணறல், துணையின்றி நிற்க முடியாத நிலை ஆகியவற்றைப் பார்த்து, மோசமானவர்களை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். எழுந்து நிற்க முடியாத ஒருவரை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினால், குடும்பத்தார் அங்கேயே நின்று மருத்துவ அலுவலரைக் கேட்க வேண்டும்.

ஊர் விட்டு ஊர் வந்து வேலை செய்பவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. ஒரு மாவட்டத்தில் பதிவாகி வேறு மாவட்டத்துக்குப் போனவரை, இங்கே “அங்க போய்க் கேளுங்க” என்பார்கள், அங்கே “இங்க நீங்க இல்லையே” என்பார்கள். ஊர் மாறும் முன்பே உங்கள் பதிவைப் புதிய இடத்துக்கு இணையத்தில் மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்றியாயிற்று என்பதை அதே எண்ணைக் கொண்டு புதிய இடத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிடுவார் என்ற பயத்தில் பொய்யான முகவரியும் வேறொருவர் கைப்பேசி எண்ணும் கொடுப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பொய் எண்ணால் தகவலும் வராது, பணமும் சிக்கும், வீட்டுக் குழந்தைகளுக்கான பரிசோதனையும் தவறிப்போகும். சரியான எண்ணையே கொடுத்துவிட்டு, “வீட்டுக்கு வர வேண்டாம், நானே வருகிறேன்” என்று சுகாதாரப் பார்வையாளரிடம் சொல்லுங்கள்.

தொழிற்சாலைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் வேலை பார்த்து, சம்பளத்தில் இஎஸ்ஐ எனும் தொழிலாளர் காப்பீட்டுச் சந்தா பிடிக்கப்படுபவர்களுக்கு 6,000 ரூபாயைவிடப் பெரிய உரிமை ஒன்று இருக்கிறது. உரிய சந்தா நாள்கள் இருந்தால் முதல் 91 நாள்களுக்குச் சம்பளத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். காசநோய் நீண்ட கால நோய்களின் பட்டியலில் இருப்பதால், இரண்டு ஆண்டு தொடர் பணியும் அதில் 156 நாள் சந்தாவும் இருப்பவருக்கு, அதன் பிறகும் 80 விழுக்காடு வரை தொடர்ந்து கிடைக்கும். இதற்கு இஎஸ்ஐ மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்குபவர் இஎஸ்ஐ மருந்தகத்துக்கே போகாமல் இருந்துவிடுவதால், இந்த உதவியைக் கேட்காமலேயே இழக்கிறார். நோய்க்கால உதவி பெறும் காலத்தில் ஒருவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த இஎஸ்ஐ சட்டத்தின் 73ஆம் பிரிவு சொன்னது. “உடம்பைப் பார்த்துக்கோ, ரிசைன் லெட்டர் எழுதிக் கொடுத்துட்டுப் போ” என்று சொல்லும் மேலாளரிடம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கையெழுத்துப் போட்டால் வேலை உங்கள் கையாலேயே போய்விடும்.

வீட்டில் மற்றவர்களுக்குப் பரவாமல் தடுப்பதும் இந்த உரிமைகளில் ஒன்றே. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலை நேரக் காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை, சளியில் ரத்தம் ஆகியவற்றில் எது இருந்தாலும் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி எடுத்த சளியைத்தான் டப்பாவில் கொடுக்க வேண்டும், எச்சிலைக் கொடுத்தால் முடிவு தவறிவிடும். நோய் இல்லை என்று உறுதியான வீட்டாருக்கு, முக்கியமாக ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, தடுப்பு மாத்திரைகள் இலவசமாகத் தரப்பட வேண்டும். கேட்காவிட்டால் பல இடங்களில் தருவதில்லை. தட்டையும் துணியையும் பிரித்து வைப்பதால் பயனில்லை. இது காற்றில் பரவும் நோய். சன்னலைத் திறந்து வையுங்கள், நோயாளி இருமும்போது வாயை மூடட்டும். சரியான மாத்திரை தொடங்கிய சில வாரங்களிலேயே பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். மாத்திரை போட்டதும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது மருந்தின் நிறம் என்பதைச் சொல்லாமல் விட்டதால், பயந்து மருந்தை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பணம் வரவில்லை என்ற கோபத்தில் மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள்.

பதிவாகி ஒரு மாதமாகியும் பணம் வரவில்லை என்றால், காசநோய் அலகின் முதுநிலை சிகிச்சை மேற்பார்வையாளரிடம் நிக்ஷய் எண்ணைக் கொடுத்து, “என் கணக்கு ஏற்கப்பட்டிருக்கிறதா, தொகை எந்த நிலையில் நிற்கிறது?” என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். ‘சர்வர் வேலை செய்யலை’ என்ற பதில் இரண்டு முறைக்கு மேல் வந்தால், மாவட்டத் துணை இயக்குநர் (காசநோய்) அலுவலகத்துக்கு எண், பதிவு நாள், கணக்கு விவரம் ஆகியவற்றோடு ஒரு பக்க மனு எழுதி, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 1800 11 6666 என்ற கட்டணமில்லாக் காசநோய் உதவி எண்ணிலும், 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அந்த நகலைக் கொடுக்கலாம். வாய்ப்பேச்சாகக் கேட்டதற்கு எந்தத் தடயமும் இருக்காது. பணம் வாங்கித் தருவதாகக் கமிஷன் கேட்பவருக்கும், கைப்பேசியில் ஓடிபி கேட்பவருக்கும் எதையும் கொடுக்காதீர்கள்.

சிகிச்சை முடிந்துவிட்டது, இனி கேட்க முடியாது என்பதும் உண்மையல்ல. அந்த அம்மாவின் புதிய ஐஎஃப்எஸ்சி எண்ணை அன்றே பதிய வைத்தோம். பணம் ஏறுவதற்கு மேலும் ஏழு வாரங்கள் ஆயின. பாஸ்புக்கில் வரி விழுந்த அன்று அவர் எனக்கு அலைபேசியில் சொன்ன முதல் செய்தி, மகளுக்கும் சளி கொடுத்துப் பார்த்தாயிற்று, நோய் இல்லையாம், தடுப்பு மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள் என்பது.