பழைய மேசையைச் சுரண்டும் முன் ஒரு சொட்டு ஸ்பிரிட்

பூந்தொட்டி வைத்து எடுத்த முக்காலியின் மேல் இரண்டு விதமான வளையங்கள் விழுவது உண்டு. ஒன்று வெள்ளை, மற்றொன்று கறுப்பு. இரண்டையும் தண்ணீர்க் கறை என்றே சொல்கிறோம். ஆனால் வெள்ளை வளையம் மரத்தைத் தொடவே இல்லை. மேலே இருக்கும் மெருகுப் படலத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. கறுப்பு வளையம் படலத்தைத் தாண்டி மரத்துக்குள் இறங்கிவிட்டது. இந்த வேறுபாடு தெரியாததால் எத்தனையோ நல்ல தேக்குச் சாமான்கள் உப்புத்தாளால் தேய்க்கப்பட்டு, எனாமல் பெயின்டுக்கு அடியில் மறைந்து போகின்றன. சிலவற்றை விறகு விலைக்கே தள்ளிவிடுகிறார்கள். பெரும்பாலான பழைய சாமான்களுக்கு அவ்வளவு தேவையில்லை. அவற்றின் மேல் பூசியிருப்பது எது, அது எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்தால் போதும்.

இரண்டு தலைமுறைக்கு முந்தைய மேசை, பீரோ, சாய்வு நாற்காலி என்றால் அதன் மேல் இருப்பது அநேகமாக அரக்குப் பாலிஷ். நம் தச்சர்கள் பிரெஞ்சு பாலிஷ் என்பார்கள். பெயர் பிரெஞ்சு என்றாலும் பொருள் நம் நாட்டுக் காடுகளில் விளைவது. புரசு, இலந்தை, பூவம் ஆகிய மரங்களின் இளங்கொம்புகளில் ஒட்டி வாழும் அரக்குப் பூச்சி சாற்றை உறிஞ்சி, தன்னைச் சுற்றிப் பிசினைச் சுரந்து மூடிக்கொள்கிறது. செம்பருத்திச் செடியில் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டு தோட்டக்காரர்களை அழவைக்கும் மாவுப்பூச்சிக்கு இது உறவு. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது. பெண் பூச்சி ஓரிடத்தில் ஒட்டிய பிறகு கால்களை இழந்து, தான் சுரந்த அறைக்குள்ளேயே வாழ்ந்து முடிகிறது. அப்படி ஆயிரக்கணக்கான பூச்சிகளின் அறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொம்பையே மூடிவிடும். சித்த மருத்துவக் கடைகளில் கொம்பரக்கு என்று கேட்டால் கொடுப்பது இதைத்தான்.

இந்தியாவில் அரக்கு அதிகம் விளைவது ஜார்க்கண்டில். அரக்கு ஆராய்ச்சிக்கென்றே ராஞ்சிக்கு அருகில் 1924-ல் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. கொம்பிலிருந்து சுரண்டியெடுத்த அரக்கை நொறுக்கி, நீரில் அலசிச் சிவப்புச் சாயத்தை நீக்குகிறார்கள். பிறகு நீண்ட துணிப்பையில் அடைத்து, தணலுக்கு எதிரே காட்டி முறுக்குகிறார்கள். உருகி வழியும் பிசினைத் தகடாக இழுத்து, ஆறியதும் உடைத்தால் தேன் நிறச் செதில்கள் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் அந்தச் சிவப்புச் சாயத்துக்குத்தான் மதிப்பு. 1856-ல் செயற்கைச் சாயம் பிறந்து, அந்தத் தொழில் படிப்படியாக மங்கிய பிறகு பிசின் முன்னுக்கு வந்தது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற பழைய இசைத்தட்டுகளும் இந்தப் பிசினைக் கொண்டே வார்க்கப்பட்டன.

வேதியியல்படி அரக்கு என்பது ஹைட்ராக்சி அமிலங்கள் எஸ்டர் பிணைப்புகளால் (அமிலமும் ஆல்கஹாலும் சேரும்போது உண்டாகும் பிணைப்பு) கோத்துக்கொண்ட ஒரு கலவை. அலூரிட்டிக் அமிலம் அவற்றுள் முதன்மையானது. இதில் மூன்று செய்திகள் நமக்கு முக்கியம். அரக்கு தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். அமிலத் தன்மை கொண்டதால் காரத்திலும் கரையும். அதன் மூலக்கூறுகள் சிறியவை. இறுகிய பிறகும் தனித்தனியாகவே இருப்பவை.

மூன்றாவது செய்தியில்தான் பழுதுபார்க்கும் வேலையின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. மெருகுப் பூச்சுகள் இரண்டு வழிகளில் காய்கின்றன. அரக்குப் பாலிஷிலும், கார்களுக்காக 1920-களில் பரவிய நைட்ரோ செல்லுலோஸ் லாக்கரிலும் கரைப்பான் ஆவியாகிப் போகிறது, பிசின் தங்குகிறது, வேறெதுவும் நடப்பதில்லை. எத்தனை ஆண்டுகள் கழித்துக் கரைப்பானைக் காட்டினாலும் படலம் இளகிக் கொடுக்கும். ஆளிவிதை எண்ணெய், எண்ணெய் வார்னிஷ், பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பிசின் பூச்சு ஆகியவற்றில் காய்வது என்பது ஒரு வேதிவினை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து வலையாகப் பின்னிக்கொள்கிறது. பாலியூரித்தேனில் மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்துவிடுகின்றன. சுட்ட தோசையைத் திரும்ப மாவாக்க முடியாதது போல, அந்தப் படலத்தை அதே கரைப்பானால் மீட்க முடியாது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

எது பூசப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். மேசைக்கு அடியில், கண்ணுக்குப் படாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அரை நிமிடம் வைத்திருந்து விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் அது அரக்கு. பெயின்ட் கடையில் கிடைக்கும் டீநேச்சர்டு ஸ்பிரிட் (குடிக்க முடியாதபடி மாற்றிய ஆல்கஹால்) இல்லாவிட்டால், மருந்துக் கடையில் விற்கும் தண்ணீர் கலக்காத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் போதும். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்.சி. தின்னருக்கு (நைட்ரோ செல்லுலோஸ் லாக்கரைக் கரைக்கும் திரவம்) இளகினால் அது லாக்கர். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் பாலியூரித்தேன், மெலமைன் அல்லது எண்ணெய் வார்னிஷ். கொரோனாக் காலத்தில் சானிடைசர் சொட்டிய இடத்தில் பழைய மேசைகளில் திட்டுத்திட்டாகக் கறை விழுந்ததற்கும் இதுவே காரணம்: அதில் பெரும்பகுதி ஆல்கஹால்.

மெருகு ஏற்றிய மரம் ஏன் அவ்வளவு ஆழமாகத் தெரிகிறது? இழைத்து, இன்னும் எதுவும் பூசாத மரத்தின் மேற்பரப்பு, வெட்டுப்பட்ட செல்களும் அவற்றுக்குள் காற்றும் நிறைந்தது. காற்றும் மரமும் சந்திக்கும் ஒவ்வோர் எல்லையிலும் ஒளி சிதறுகிறது. அதனால் மரம் வெளிறித் தெரிகிறது. மரத்தின் முதன்மைப் பொருளான செல்லுலோஸின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை வளைக்கும் அளவு, சுமார் 1.5, அரக்கினுடையதும் கிட்டத்தட்ட அதுவே. அந்தக் குழிகளில் காற்று இருந்த இடத்தை அரக்கு பிடித்துக்கொண்டால், ஒளிக்கு இடையில் எல்லையே இல்லாதது போல ஆகிவிடுகிறது. அது உள்ளே இறங்கி, அடியில் இருக்கும் நார்களில் பட்டுத் திரும்புகிறது. தேக்கின் ரேகைகள் உயிரோடு அசைவது போல நமக்குத் தெரிவது அதனால்தான். ஈரத்துணியால் துடைத்தவுடன் மரம் சற்று நேரம் அழகாகத் தெரிவதும் இதே விளைவு.

இப்போது வெள்ளை வளையம் விளங்கும். தொட்டியின் ஈரம் மணிக்கணக்கில் தங்கும்போது நீர் மூலக்கூறுகள் மெல்லப் படலத்துக்குள் ஊர்ந்து, மிக நுண்ணிய துளிகளாகவும் இடைவெளிகளாகவும் அமர்ந்துகொள்கின்றன. நீருக்கும் அரக்குக்கும் ஒளிவிலகல் எண் வேறு. போதாக்குறைக்கு நீர் போன பின்பு அந்த இடத்தில் காற்று. மறுபடியும் எல்லைகள், மறுபடியும் சிதறல், மறுபடியும் வெண்மை. சூடான டபராவை வைத்தால் இது இன்னும் விரைவாக நடக்கும். அரக்கு ஏறக்குறைய 75 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கிவிடும் பொருள்.

சரிசெய்வதற்குத் தேவையானது அந்த இடைவெளிகளை மூடுவது மட்டுமே. பழைய பருத்தி வேட்டித் துணியில் பஞ்சைப் பொதிந்து, ஸ்பிரிட்டைத் தொட்டு, கிட்டத்தட்ட உலர்ந்துவிட்டது என்னும் அளவுக்குப் பிழிந்துவிட்டு, வளையத்தின் மேல் லேசாக வீசிச் செல்ல வேண்டும். படலத்தின் மேற்பகுதி கணநேரம் இளகி, தானே சமமாகி, மீண்டும் இறுகும். கை மட்டும் எங்கும் நிற்கக் கூடாது. நின்ற இடத்தில் துணி ஒட்டிப் படலத்தைப் பிய்த்துவிடும். பாலிஷ்காரர்கள் எட்டு வடிவத்தில் கையை ஓட்டுவதும், துணியில் ஒரு துளி எண்ணெய் தொட்டுக்கொள்வதும் ஒட்டாமல் வழுக்கிச் செல்வதற்காகத்தான்.

ஐப்பசி அடைமழையில் மட்டும் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. காற்று ஈரமாக இருந்தால், குளிர்ந்த பரப்பில் நீராவி படிந்து ஈரப் படலத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஒரு வளையத்தை நீக்கப் போய் மேசை முழுவதும் வெளுத்துவிடும். வெயில் அடிக்கும், காற்று உலர்ந்த முற்பகல்தான் ஏற்றது. கடலோர ஊர்க்காரர்களுக்கு இதில் பொறுமை கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும்.

கறுப்பு வளையத்தின் கதை வேறு. தொட்டி வைக்கும் இரும்பு வளையமோ, துருப்பிடித்த ஆணியோ, தண்ணீரோடு சேர்ந்து இரும்பு அயனிகளை மரத்துக்குள் அனுப்புகிறது. மரத்திலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளோடு அது சேரும்போது கருநீலமான இரும்பு டானேட் உருவாகிறது. கடுக்காயையும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பையும் கொண்டு முன்னோர் மை காய்ச்சியதும் இதே வினையால்தான். முக்காலியில் எழுதப்பட்டுவிட்ட அந்த மையை ஸ்பிரிட் அசைக்காது. அதற்கு ஆக்சாலிக் அமிலம் வேண்டும். அது இரும்பைப் பிடித்து நீரில் கரையும் சேர்மமாக மாற்றி வெளியே கொண்டுவந்துவிடுகிறது. வெந்நீரில் கரைத்துப் பூசி, கறுப்பு மறைந்ததும் சுத்தமான நீரால் பலமுறை துடைத்தெடுக்க வேண்டும். ஆனால் அது நஞ்சு, சிறுநீரகத்தைத் தாக்கும். கையுறை கட்டாயம். காய்ந்த பொடி மூக்கில் ஏறும் என்பதால் கழுவாமல் தேய்க்கக் கூடாது. மரம் முழுவதும் உலரும் வரை நாயோ பூனையோ நக்க வழியில்லாத அறையில் வைத்திருங்கள்.

செல்லப் பிராணிகள் இருக்கும் வீட்டில் அரக்குக்கு வேறொரு சோதனையும் உண்டு. நாற்காலிக் காலில் நாய் சிறுநீர் கழித்த இடத்தில் மெருகு மங்கி, தோல் உரிந்தது போல ஆகியிருக்கும். சிறுநீரிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது அம்மோனியா வருகிறது. அது காரம்; அரக்கோ அமிலம். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்களும் சோடா உப்பும் செய்யும் கேட்டுக்கும் இதுவே அடிப்படை. இந்தக் குணத்தையே மருந்துத் தொழில் நன்மைக்குப் பயன்படுத்துகிறது. அரக்கு பூசிய மாத்திரை வயிற்றின் அமிலத்தில் கரையாமல் கடந்து, அமிலம் குறைந்த குடலுக்குள் போய்த்தான் திறந்துகொள்ளும். மிட்டாய்களுக்குப் பளபளப்பூட்டவும் அனுமதி பெற்ற பொருள் அது. ஆகவே முற்றிலும் உலர்ந்த அரக்குப் படலத்தை ஒரு நாய்க்குட்டி கடித்துவிட்டதே என்று பெரிதாகப் பதற வேண்டியதில்லை. ஸ்பிரிட் அப்படியல்ல. டீநேச்சர்டு ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கலாம். குடித்தால் மனிதனுக்கும் விலங்குக்கும் ஆபத்து. அதன் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால் சாமி விளக்கும் ஊதுவத்தியும் எரியும் அறையில் பாட்டிலைத் திறக்கவே கூடாது.

நகக் கீறல்களுக்கு அரக்கைப் போல ஒத்துழைக்கும் பூச்சு வேறில்லை. கெட்டியாகக் கரைத்த அரக்கை நுனித் தூரிகையால் கீறலுக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு உலரவிட வேண்டும். ஒவ்வொரு சொட்டும் முந்தையதை இளக்கி அதோடு ஒன்றாகிவிடுகிறது. பள்ளம் நிரம்பியதும் 400 எண் உப்புத்தாளால் மென்மையாகச் சமன்செய்து, மேலே மெல்லிய கரைசலை ஓட்டினால் ஒட்டுப்போட்ட தடமே தெரியாது. பாலியூரித்தேனில் இதைச் செய்து பார்த்தால் புதிய பூச்சுக்கும் பழைய பூச்சுக்கும் இடையில் ஒரு விளிம்பு அழியாமல் நிற்கும்.

பழைய சாமானின் மேல் இருப்பது பாலிஷ் அல்ல, பெயின்ட் என்றால் நான் மிகவும் எச்சரிக்கையாக இருக்கச் சொல்வேன். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-ல் வந்து, 2017 நவம்பர் 1 முதல் அமலானது. அதற்கு முந்தைய பச்சை, மஞ்சள், சிவப்புப் பெயின்டுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் தரையில் படியும். தவழும் குழந்தையும், பாதத்தை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பூனையும்தான் அதை முதலில் விழுங்குவார்கள். குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். அத்தகைய பெயின்டைத் தேய்க்காமல் அப்படியே விட்டு, மேலே புதுப் பூச்சால் மூடுவது நல்லது. தேய்த்தே ஆக வேண்டும் என்றால், நீர் தெளித்து, ஈரமாகவே தேய்த்து, கழிவைத் துணியால் ஒற்றியெடுங்கள். அந்த நீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம். ஈயம் மண்ணில் தங்கிவிடும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் தேடி வாங்கிய அலமாரியாக இருந்தாலும், பாட்டி வீட்டுப் பரணிலிருந்து இறக்கியதாக இருந்தாலும், திறந்தவுடன் பாச்சை உருண்டையும் எலியும் பூஞ்சணமும் கலந்த ஒரு வாடை அடிக்கும். வெயிலில் வைத்தும் போகாத அந்த வாடைக்கு அரக்கு நல்ல மருந்து. லிட்டருக்கு 120 கிராம் என்ற அளவில் செதில்களை ஸ்பிரிட்டில் ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி, உட்புறம் முழுவதும் இரண்டு கை பூசினால், அந்தப் படலம் வாடை மூலக்கூறுகளை மரத்துக்குள்ளேயே அடைத்துவிடும். மெழுகு நீக்கிய அரக்காக இருந்தால் இன்னும் ஒரு வசதி: அதன் மேல் வேறு எந்தப் பூச்சும் பிடிக்கும். தேக்கில் இயற்கையாகவே உள்ள எண்ணெய்ப் பொருள்கள் எண்ணெய் வார்னிஷைக் காயவிடாமல் தடுக்கும். இடையில் ஒரு கை அரக்கு இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மழையும் வெயிலும் படும் மாடித்தோட்டத்துப் பலகைகளுக்கு அரக்கு உதவாது.

கரைத்த அரக்கை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கவும் முடியாது. பாட்டிலுக்குள் ஆல்கஹாலும் அரக்கின் அமிலங்களும் மெல்ல மெல்ல வினைபுரிந்து எஸ்டர்களாகிவிடுகின்றன, பூசினால் காயாது. அதனால் சிறிதளவே கரைத்து, தேதியை எழுதி ஒட்டிவையுங்கள். ஆறு மாதம் தாண்டியிருந்தால் முதலில் ஒரு கண்ணாடித் துண்டில் பூசிப் பாருங்கள். மறுநாளும் நகம் பதிந்தால் அந்தக் கரைசலை மேசையின் பக்கமே கொண்டு போகாதீர்கள்.