தெரமின் ரெக்கார்டிங்: மிடியை மட்டும் அனுப்பாதீர்கள்

தெரமின் என்பது தொடாமலேயே, கையைக் காற்றில் அசைத்து வாசிக்கும் மின்னணுக் கருவி. மிக்ஸிங்குக்கு வந்த ப்ராஜெக்ட்டைத் திறந்தால் ‘தெரமின்’ என்று பெயர் போட்ட ட்ராக்கில் மிடி (ஒலி அல்ல, வாசிப்பைக் குறிக்கும் எண்கள்) மட்டும் இருக்கிறது. ஆடியோ இல்லை. மறுபடியும் இதே நிலைமை. அந்த மிடியை எந்த சிந்தசைசரில் கொடுத்துக் கேட்டாலும் சுருதி படிக்கட்டில் இறங்குவது போலத் தடதடவென்று இறங்குகிறது. வாசித்தவர் நன்றாகத்தான் வாசித்திருப்பார். ஆனால் அந்த வாசிப்பு எங்கும் பதிவாகவில்லை. பதிவாகாததை எந்த ப்ளக்-இன்னாலும் மீட்க முடியாது. மறுபடி வாசிக்கச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. நாட்கணக்கில் பயிற்சி செய்து ஒரு பாட்டை வாசித்தவரிடம் இதைச் சொல்வது வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தெரமின் புதிய கருவி அல்ல. 1920-ஐ ஒட்டி பெட்ரோகிராடில் லெவ் தெரமின் உருவாக்கினார், 1928-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. செங்குத்துக் கம்பிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் சுருதி ஏறும், பக்கவாட்டு வளையத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் சத்தம் குறையும். தொடவே வேண்டாம். இது வாசிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான், குழப்பம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பெரிய குழப்பம் யூஎஸ்பி வயர். கருவியில் யூஎஸ்பி இருக்கிறது, லேப்டாப்பில் செருகினேன், சாஃப்ட்வேரில் ட்ராக் அசைகிறது, ஆகவே ரெக்கார்டு ஆகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். மோக் நிறுவனத்தின் தெரமினி என்ற மாடலின் யூஎஸ்பி வழியாக ஒலி வராது. வருவது மிடி, அதாவது வெறும் எண்கள். கை எங்கே இருந்தது என்பதற்கான தோராயமான குறிப்பு அது. கருவியின் ஒலி பின்னால் இருக்கும் ஆடியோ ஜாக்கில்தான் வெளியே வருகிறது. அதே நிறுவனத்தின் எதர்வேவ் மாடலை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை, அதில் யூஎஸ்பியே கிடையாது.

அந்த எண்கள் போதாதா என்று கேட்பவர்களுக்காகக் கணக்கோடு சொல்கிறேன். சாதாரண மிடி கன்ட்ரோலர் மெசேஜ், எல்லோரும் ‘சிசி’ என்று சொல்வது, 0 முதல் 127 வரை மட்டுமே போகும். உங்கள் கை 5 ஆக்டேவ் தூரத்தை ஆளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 60 செமிடோன் (ஒரு செமிடோன் என்பது அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களின் இடைவெளி, அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). 60-ஐ 127 படிகளாகப் பிரித்தால் ஒரு படிக்குக் கிட்டத்தட்ட 47 சென்ட், அதாவது ஏறக்குறைய அரை செமிடோன். நீங்கள் விரல்களை லேசாக அசைத்துக் கொடுக்கும் வைப்ரேட்டோ மொத்தமும் இந்த ஓரிரண்டு படிக்குள் அடங்கிவிடும். சாஃப்ட்வேருக்குத் தெரிவது ‘இங்கே இருந்தது, அங்கே போனது’ என்பது மட்டுமே, நடுவில் நடந்த எதுவும் தெரியாது. கர்நாடக ராகம் வாசிப்பவர் காம்போதியில் ஒரு கமகத்தைக் கொண்டுவர அவ்வளவு பாடுபட்டிருக்கிறார், கோப்பில் இருப்பதோ இரண்டு எண்கள் மாறி மாறி.

சிசிக்குப் பதிலாக நோட்டும் பிட்ச் பெண்டும் (நோட்டின் சுருதியை ஏற்றி இறக்கும் மெசேஜ்) சேர்ந்து வந்தால் நிலைமை மேல். பிட்ச் பெண்ட் 14 பிட், 16,384 படிகள். நுணுக்கம் தாராளமாக இருக்கிறது. ஆனால் பெண்டின் எல்லை எவ்வளவு என்பது அந்த எண்ணுக்குள் இல்லை. கருவி ப்ளஸ் மைனஸ் 12 செமிடோன் என்று நினைத்து அனுப்பும், சிந்தசைசரோ பெட்டியிலிருந்து எடுத்தபடியே ப்ளஸ் மைனஸ் 2 என்று வைத்திருக்கும். ஓர் ஆக்டேவ் இழுத்தது இரண்டு செமிடோனாகக் கேட்கும். ‘தெரமினே ஸ்ருதி விலகிவிட்டது’ என்று வருகிற புகார்களில் நிறைய இதுதான். கருவியில் கோளாறே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே எண்ணை வையுங்கள். 48 வைத்தால்கூட ஒரு படி ஒரு சென்ட்டுக்கும் குறைவு, காது பிரித்தறியாது.

இன்னொன்றும் உண்டு. பெண்டின் எல்லையைத் தாண்டிய இடத்தில் கருவி புதிய நோட்டை ஆரம்பிக்கிறது. சிந்தசைசர் ஒவ்வொரு புதிய நோட்டுக்கும் மறுபடி ஒலியைத் தொடக்கத்திலிருந்து எழுப்பும். சாம்பிள் எடுத்த வயலின் லைப்ரரியில் இதைக் கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் வில்லின் முதல் உரசல் கேட்கும். பியானோவில் கொடுத்தால் ஆலங்கட்டி மழை. மிடியாக வாசித்தே தீரவேண்டும் என்றால் சிந்தசைசரை மோனோவில் (ஒரு நேரத்தில் ஒரே நோட்) வையுங்கள், லெகாட்டோவை (புதிய நோட்டுக்கு ஒலியை மறுபடி எழுப்பாமல் தொடர்வது) ஆன் செய்யுங்கள், கிளைடைப் பூஜ்யத்தில் வையுங்கள் (இழுப்பது உங்கள் கை, சிந்தசைசரும் சேர்ந்து இழுக்க வேண்டாம்), இன்புட் குவான்டைஸை (நோட்டுகளைத் தாளக் கட்டத்தில் ஒட்ட வைப்பது) அணையுங்கள். பிறகு கீழிருந்து மேல்வரை ஒரே மெதுவான இழுப்பு ஒன்றைப் பதிந்து கேளுங்கள். படிக்கட்டுச் சத்தம் வந்தால் பாட்டுக்குப் போகாதீர்கள். விண்டோஸில் மிடி-ஆக்ஸ் போன்ற மானிட்டரைத் திறந்து என்ன மெசேஜ் வருகிறது என்று கண்ணால் பாருங்கள். சிசி மட்டும் வருகிறதா, பெண்டும் வருகிறதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஃபில்டர், ரிவெர்ப் அளவு, விஷுவல்ஸ் போன்றவற்றைக் கையால் ஆட்டுவதற்கு இதே மிடி அருமையானது. அங்கே 128 படிகள் போதும். சுருதிக்குத்தான் போதாது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள்.

சரி, ஆடியோவை எப்படிப் பதிவது? கருவியின் ஆடியோ அவுட்டிலிருந்து கால் இஞ்ச் ஜாக் வயரை ஆடியோ இன்டர்ஃபேஸின் (ஒலியை கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் பெட்டி) லைன் இன்புட்டில் செருகுங்கள். மைக் இன்புட்டில் வேண்டாம். லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் நிச்சயம் வேண்டாம். பதிவுத் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். வால்யூம் கையை முழுதும் உயர்த்தி, ஒலி மிக அதிகமாக இருக்கும் நிலையில் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கும்படி கெயினை வையுங்கள். கை தாழ்ந்திருக்கும்போது கெயினை வைத்துவிட்டு, பாட்டின் உச்சத்தில் கிழிந்துபோனால் அதைத் தைக்க முடியாது. மிடியும் கூடவே ஓடட்டும், தடையில்லை. ஆனால் ஆடியோதான் அசல், மிடி உபரி.

சிவி அவுட் (ஒலிக்குப் பதிலாகக் கட்டுப்பாட்டு மின்னழுத்தம் வெளிவரும் துளை) உள்ள கருவி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதை இன்டர்ஃபேஸில் செருகினால் பெரும்பாலும் ஒன்றும் பதிவாகாது. டிசி மின்னழுத்தத்தை உள்ளே விடும் இன்புட் இருந்தால் மட்டுமே அது வேலை செய்யும், வீட்டு ஸ்டூடியோ இன்டர்ஃபேஸ்களில் அது அபூர்வம்.

அடுத்தது லேட்டன்சி, அதாவது வாசித்த ஒலி காதுக்கு வந்து சேர ஆகும் தாமதம். கிடார்காரர்கள் 10 மில்லிசெகண்ட் தாமதத்தைப் பொறுத்துக்கொண்டு வாசித்துவிடுவார்கள், அவர்கள் விரலுக்கடியில் ஃபிரெட் இருக்கிறது. தெரமினில் விரலுக்கடியில் காற்றுதான். சுருதியைப் பிடிப்பது முழுக்க முழுக்கக் காது. கை போகிறது, காது கேட்கிறது, கை திருத்துகிறது. இந்தச் சுற்று தாமதமானால் கை எப்போதும் பழைய சுருதியைத் திருத்திக்கொண்டிருக்கும், வைப்ரேட்டோ அலையும், வாசிப்பவர் தன் மேல் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவார். 48 கிலோஹெர்ட்ஸில் 512 சாம்பிள் பஃபர் (சாஃப்ட்வேர் ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்துக் கையாளும் ஒலித்துண்டு) என்றால் ஒரு பக்கத்துக்கு மட்டும் 10.7 மில்லிசெகண்ட். போகவும் வரவும் சேர்த்தால் 20-ஐத் தாண்டும். 128 வைத்தால் ஒரு பக்கம் 2.7. மாஸ்டர் ட்ராக்கில் லுக்-அஹெட் லிமிட்டரோ லீனியர் ஃபேஸ் ஈக்யூவோ போன்ற, தாமாகவே தாமதம் சேர்க்கும் ப்ளக்-இன்கள் உட்கார்ந்திருந்தால் பஃபரைக் குறைத்தும் பயனில்லை, ரெக்கார்டிங் முடியும்வரை அவற்றைத் தூக்கிவிடுங்கள்.

பஃபரோடு மல்லுக்கட்டுவதைவிட நல்ல வழி டைரக்ட் மானிட்டரிங். இன்டர்ஃபேஸிலிருந்தே நேராக ஹெட்போனுக்கு எஃபெக்ட் சேராத ஒலி போகட்டும், சாஃப்ட்வேரில் அந்த ட்ராக்கின் மானிட்டரை அணைத்துவிடுங்கள். ‘ரிவெர்ப் இல்லாமல் வாசிக்க முடியாது’ என்பார்கள், நியாயம்தான். சாஃப்ட்வேரில் ரிவெர்பை ‘செண்ட்’ எனப்படும் துணைப் பாதையில் போட்டு நூறு சதவீதம் வெட் (ரிவெர்ப் ஒலி மட்டும்) ஆக்கி, அதை மட்டும் ஹெட்போனுக்கு அனுப்புங்கள். நேரடி ஒலி உடனே கேட்கும், ரிவெர்ப் கொஞ்சம் தாமதமாக வரும். ரிவெர்பில் அந்தத் தாமதம், வேண்டுமென்றே விடும் ப்ரீ-டிலே என்ற இடைவெளி மாதிரிதான், யாருக்கும் உறுத்தாது. ஹெட்போனில் ஒரு பக்கம் தம்பூராவோ ஆதார சுருதியின் ட்ரோனோ ஓடினால் வாசிப்பவருக்குப் பெரிய உதவி. அது தெரமின் ட்ராக்கில் கலந்து பதிவாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பஞ்ச்-இன் (தவறிய இடத்தை மட்டும் நடுவில் புகுந்து மறுபடி பதிவது) எல்லோரும் செய்கிறார்கள், தெரமினில் யோசித்துச் செய்யுங்கள். நீண்ட ஸ்வரத்தின் நடுவில் வெட்டினால் கை அந்த இடத்துக்கு மறுபடி வராது. வால்யூம் கை தாழ்ந்து ஒலி அடங்கும் இடத்தைத் தேடி அங்கே வெட்டுங்கள், அதற்கு முன் இரண்டு ஆவர்த்தனமாவது ப்ரீ-ரோல் (பதிவு தொடங்குமுன் முந்தைய பகுதியை ஓடவிடுவது) கொடுங்கள்.

பிட்ச் கரெக்‌ஷன் பற்றி ஒரே வேண்டுகோள். ஸ்கேல் போட்டு வேகத்தைப் பூஜ்யத்தில் வைத்து எல்லாவற்றையும் 12 ஸ்வரத்தில் ஒட்ட வைக்காதீர்கள். மெலோடைன் போன்ற சாஃப்ட்வேர்களில் ஸ்வரத்தின் மையத்தை மட்டும் நகர்த்தி, உள்ளே இருக்கும் அசைவையும் இழுப்பையும் தொடாமல் விட முடியும். அந்த அளவோடு நிறுத்துங்கள். கருவியிலேயே இருக்கும் சுருதித் திருத்தத்தையும் ரெக்கார்டிங்கின்போது குறைத்தே வையுங்கள். அதிகமாக வைத்துப் பதிந்துவிட்டால் பிறகு அவிழ்க்க முடியாது.

இனி எர்த். இங்கேதான் கோபம் வருகிறது. தெரமினுக்கு மின்சாரம் மட்டுமல்ல, தரையும் வேண்டும். அது அளப்பது உங்கள் உடம்புக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவே ஒரு பிகோஃபாரடின் சின்னஞ்சிறு பங்கு மாறுவதை. கருவியின் கிரவுண்ட் எர்த்தோடு சேராமல் மிதந்துகொண்டிருந்தால் அந்த அளவுக்கு அடிப்படையே இல்லை. லேப்டாப் பேட்டரியில் ஓடும், இன்டர்ஃபேஸ் லேப்டாப்பிலிருந்து மின்சாரம் எடுக்கும், தெரமினின் அடாப்டர் இரண்டு பின். மொத்த அமைப்பிலும் எர்த் எங்குமே இல்லை. அறிகுறிகள் தெளிவானவை: லேப்டாப்பைத் தொட்டால் சுருதி மாறும், சார்ஜரைச் செருகினால் மாறும், நேற்று டியூன் செய்தது இன்று வேறு இடத்தில் நிற்கும். மூன்று பின் எர்த் உள்ள மிக்ஸரையோ ஆம்ப்பையோ சங்கிலியில் சேர்த்தால் ஜாக் வயரின் ஷீல்டு வழியாகவே கருவிக்கு எர்த் கிடைத்துவிடும்.

ஹம் (மின்சார ரீங்காரம்) வருகிறது என்று, கருவிக்கும் மிக்ஸருக்கும் நடுவே இருக்கும் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட்டை (எர்த் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) தட்டுகிறீர்கள். ஹம் போகும், கூடவே தெரமினின் எர்த்தும் போகும், சுருதிப் புலம் (கையசைவுக்குச் சுருதி மாறும் பரப்பு) சுருங்கிவிடும். லிஃப்ட் போட்டால் கருவிக்கு வேறு வழியில் எர்த் கொடுத்தே ஆகவேண்டும். அதைவிட, எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள், பாதி ஹம் அங்கேயே தீரும்.

ஆனால் ஹம்மைப் போக்க மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவதும், அதில் டேப் ஒட்டுவதும் கூடவே கூடாது. 230 வோல்ட்டில் ஏதாவது ஒரு கருவிக்குள் லைன் கசிந்தால் அது வெளியேற வழி நீங்கள்தான். வீட்டு பாயிண்ட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். மூன்று துளை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அடாப்டரும் கருவியோடு வந்ததே இருக்கட்டும். சில தெரமின்களுக்கு ஏசி அடாப்டர், சிலவற்றுக்கு டிசி. பின் பொருந்துகிறது என்பதற்காக வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடாப்டரைச் செருகிவிடாதீர்கள்.

அறை அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லேப்டாப், மைக் ஸ்டாண்ட், இரும்பு நாற்காலி எல்லாம் சுருதிக் கம்பியிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். தலையாட்டும் பெடஸ்டல் ஃபேன் அருகில் வேண்டாம், அதன் இரும்புக் கூண்டு திரும்பும்போதெல்லாம் சுருதி ஆடும். கருவியை ஆன் செய்து கால் மணி நேரம் சூடேற விட்டு, அதன் பிறகு, வாசிக்கப்போகிறவரே வாசிக்கும் இடத்தில் நின்று டியூன் செய்யவேண்டும். மவுஸ் க்ளிக் பண்ண வேறொருவர் பக்கத்தில் வந்து நிற்பதானால் டியூன் செய்யும்போதும் அவர் அங்கேயே நிற்கட்டும். செல்போன் பாக்கெட்டில் வேண்டாம்.

கடைசியாகக் காது. வால்யூம் வளையத்திலிருந்து கையை எடுத்தால் ஒலி அடங்காது, முழுச் சத்தத்துக்குப் போகும். தண்ணீர் குடிக்கப் பின்னால் நகரும் நொடியில் ஹெட்போனில் அலறும், கை தவறிக் கம்பியில் பட்டால் கீச்சென்று உச்சத்துக்குப் போகும். கருவியை விட்டு நகருமுன் மியூட் பண்ணுங்கள். மியூட் சுவிட்ச் இல்லாத கருவி என்றால் இன்டர்ஃபேஸின் ஹெட்போன் குமிழைக் குறைத்துவிட்டு நகருங்கள். டைரக்ட் மானிட்டரிங்கில் சாஃப்ட்வேரின் லிமிட்டர் உங்கள் காதைக் காப்பாற்றாது, அந்த ஒலி சாஃப்ட்வேருக்குள் போகாமலேயே ஹெட்போனுக்கு வருகிறது. குழந்தைகளுக்குக் கருவியைக் காட்டும்போது ஹெட்போன் மாட்டிவிடாதீர்கள், சின்ன ஸ்பீக்கரில் கேட்கட்டும்.