பாரிஸ் தரையில் டென்னிஸ் பந்து ஏன் தோள் வரை எழும்புகிறது?

"ரஃபேல் நடால் பிரெஞ்சு ஓபனை 14 முறை வென்றார். புல்தரையில் நடக்கும் விம்பிள்டனை 2 முறைதான். அதே ஆள், அதே கை. தரை மாறினால் ஆட்டம் இவ்வளவு மாறுமா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். மாறும். காரணம், பந்து தரையைத் தொட்டுக் கிளம்பும் அந்த ஒரு கணத்தில் இருக்கிறது.

முதலில் தரை. களிமண் தரை என்கிறோமே தவிர, பிரெஞ்சு ஓபன் நடக்கும் பாரிஸின் ரோலண்ட் காரோஸ் அரங்கில் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு, செங்கல்லை அரைத்த தூள். அதுவும் ஓரிரு மில்லிமீட்டர் கனம்தான். அடியில் இறுக்கமான சுண்ணாம்புக்கல் படுகை. அதாவது கெட்டியான தரைமேல் தூவிய பொடி.

அடுத்து சுழற்சி. மட்டையைக் கீழிருந்து மேலாக இழுத்து அடித்தால் பந்து முன்னோக்கி உருள்வதுபோல் சுழன்றபடி பறக்கும். இதுதான் டாப்ஸ்பின். சுழலும் பந்து காற்றை மேல்நோக்கித் திருப்பிவிட, காற்று பந்தைக் கீழே தள்ளும். பள்ளியில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான். நியூட்டனே 1672-இல் ஒளியைப் பற்றி எழுதிய கடிதத்தில், சாய்த்து அடித்த டென்னிஸ் பந்து வளைந்து போவதைப் பலமுறை பார்த்ததாகச் சொல்கிறார். இந்த விளைவு இன்று ஜெர்மன் விஞ்ஞானி மேக்னஸ் பெயரில் இருக்கிறது. அவர் 1852-இல் ஆராய்ந்ததோ, பீரங்கிக் குண்டுகள் ஏன் விலகிப் போகின்றன என்பதை. குண்டுக்குக் கிடைக்கும் பணமும் கவனமும் பந்தை வேடிக்கை பார்ப்பவருக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இயற்கைக்கு இரண்டும் ஒன்றுதான்.

சரி, இப்படித் தள்ளப்பட்ட பந்து, சுழலாத பந்தைவிடச் செங்குத்தாக இறங்கித் தரையைத் தொடுகிறது. இனி நடப்பதெல்லாம் ஒரு நொடியில் ஏறக்குறைய 200-இல் ஒரு பங்கு நேரத்துக்குள்.

நடால் தன் மட்டைக்கைப் பக்கத்தில் அடிக்கும் ஃபோர்ஹேண்ட் பந்து நிமிடத்துக்குச் சராசரியாக 3,200 முறை சுழன்றதை அதிவேகக் கேமராவில் அளந்திருக்கிறார்கள். பந்தின் ஆரம் சுமார் 3.3 செ.மீ. கணக்குப் போட்டால், அதன் விளிம்பு நொடிக்கு 11 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. டாப்ஸ்பினில் பந்தின் அடிப்பகுதி பின்னோக்கி ஓடும். பந்து நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் முன்னே வருகிறது என்று வையுங்கள். அப்படியானால் தரையைத் தொடும் இடம் உண்மையில் 9 மீட்டர் வேகத்தில்தான் வழுக்குகிறது! சுழலாமல் வரும் பந்தோ முழு 20 மீட்டர் வேகத்தில் தேய்கிறது.

புல் வழவழப்பானது. பந்து தொட்ட நேரம் முழுக்க வழுக்கிக்கொண்டே தாழப் போய்விடும். செங்கல் தூளில் உராய்வு அதிகம். அந்த 9 மீட்டர் வழுக்கல் பாதியிலேயே தீர்ந்து, பந்தின் அடி தரையைக் கவ்விப்பிடிக்கிறது. வேகமாகச் சுற்றும் பந்து ஒரு கணம் காலூன்றி நிற்கிறது! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது வியப்புதான். மேல்பாதி இன்னும் முன்னே ஓட, ரப்பர் முறுகி, பிறகு விட்டெறிகிறது.

இதோடு இன்னொன்று. வழுக்கும்போது பந்து தூளைத் தனக்கு முன்னால் ஒதுக்கிக் குட்டி மேடு கட்டிவிடுகிறது. அந்த மேட்டில் ஏறித்தான் கிளம்புகிறது. அடியில் புல்லைப்போல் மெத்தென்ற மண் இல்லாததால், இறங்கி வந்த வேகத்தில் பெரும்பகுதியும் திரும்பக் கிடைக்கிறது. வந்ததே செங்குத்தாக என்பதால் எழுவதும் உயரமாக.

அதனால் "களிமண் மெதுவான தரை" என்பது பாதி உண்மைதான். சுழலாத பந்தைத்தான் அது அதிகம் மந்தமாக்குகிறது. டாப்ஸ்பின் பந்து வேகத்தைக் குறைவாகவே இழந்து, எதிராளியின் தோளுக்கு ஏறி வருகிறது. இடக்கை நடால் அடித்த பந்துகள், வலக்கை ஆட்டக்காரர் ஃபெடரரின் ஒற்றைக்கை பேக்ஹேண்ட் பக்கம், அதாவது மட்டைக்கைக்கு எதிர்ப்பக்கம், இப்படித்தான் ஏறின. தோள் உயரத்தில் வரும் பந்தை அந்தப் பக்கம் ஒரே கையால் அடிப்பது கடினம். பாரிஸ் இறுதிப்போட்டிகளில் நான்கு முறை மோதி நான்கிலும் ஃபெடரர் தோற்றார்.

தூள் நனைந்தாலோ, குளிர் அதிகமானாலோ இந்த உயரம் குறையும். 2020-இல் போட்டி இலையுதிர்காலத்துக்குத் தள்ளிப்போனபோது பந்து கனமாக இருக்கிறது என்று நடாலே குறைப்பட்டுக்கொண்டார். அப்புறம் இறுதிப்போட்டியில் ஜோகோவிச்சை 6-0, 6-2, 7-5 என்று வென்றார்.

அடுத்த முறை பாரிஸ் ஆட்டத்தில் நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து பந்தின் தடத்தைக் குனிந்து பார்க்கும்போது, நீங்களும் பாருங்கள். தட்டையாக வந்த பந்தின் தடம் நீளமாக இழுபட்டிருக்கும். டாப்ஸ்பின் பந்தின் தடம் ஏறக்குறைய வட்டமாக இருக்கும்.