60 வாட் பல்பு ஏன் 63 ஓம் காட்டுகிறது?

பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பரணில் கிடந்த பழைய 60 வாட் குண்டு பல்பை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன் சார், 63 ஓம் காட்டுது. 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டா 840 வாட் வருது. மீட்டர் தப்பா, ஃபார்முலா தப்பா?"

இரண்டுமே சரிதான். பல்புதான் வேறு நிலையில் இருக்கிறது.

பத்தாம் வகுப்புக் கணக்கை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுவோம். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் திறன், வகுத்தால் மின்தடை. 60 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 0.26 ஆம்பியர். அந்த 0.26-ஆல் 230-ஐ வகுத்தால் ஏறக்குறைய 880 ஓம். ஆக, எரிகிற பல்புக்கு 880, அணைந்து கிடக்கிற அதே பல்புக்கு 63. பதினான்கு மடங்கு வித்தியாசம்!

மல்டிமீட்டர் தடையை அளக்க அனுப்பும் மின்னோட்டம் மிகச் சொற்பம். அதில் டங்ஸ்டன் இழை சூடாவதே இல்லை. எரியும்போதோ அதே இழை 2,400, 2,500 டிகிரி செல்சியஸில் தகிக்கிறது. உலோகத்துக்குள் அணுக்கள் அடுக்கி வைத்தாற்போல் இருந்தாலும், தத்தம் இடத்திலேயே சதா அதிர்ந்துகொண்டிருப்பவை. சூடு ஏற ஏற அதிர்வு கூடுகிறது; ஊடே போகும் எலக்ட்ரான்கள் அடிக்கடி சிதறுகின்றன. அதுதான் தடை. சிதறும் எலக்ட்ரான் தன் ஆற்றலை அணுக்களிடம் விட்டுச் செல்வதால் இழை இன்னும் சூடாகிறது, தடை இன்னும் ஏறுகிறது. தடை ஏறினால் மின்னோட்டம் குறையும், உண்டாகும் வெப்பமும் குறையும். இப்படியே போய், உள்ளே வரும் ஆற்றலும் ஒளியாக, வெப்பமாக வெளியே போகும் ஆற்றலும் சமமாகும் இடத்தில் இழை நிலைகொள்கிறது. பல்பின் மண்டையில் 60 வாட் என்று அச்சடித்திருப்பது அந்த இடத்தைத்தான். யாரும் கட்டுப்படுத்தாமல் இழை தன்னைத்தானே அடக்கிக்கொள்வது எனக்கு இன்னும் அலுக்காத விஷயம்.

இந்த அடக்கம் வருவதற்குச் சற்று நேரம் பிடிக்கிறது. சுவிட்சைப் போட்ட கணத்தில் தடை வெறும் 63 ஓம். நம் வீட்டு 230 வோல்ட் மாறுமின்னோட்டம் உச்சத்தில் 325 வோல்ட் வரை போகும். சுவிட்ச் அந்த உச்சத்தில் விழுந்தால் இழையில் பாய்வது 5 ஆம்பியர்! கண் சிமிட்டுவதற்குள் அது கால் ஆம்பியருக்கு இறங்கிவிடும் என்பதால் புது பல்பு தாங்கிக்கொள்கிறது. பழைய பல்பில் டங்ஸ்டன் ஆவியாகி ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறம் கருத்திருக்கும். இழையில் எங்கோ ஓரிடம் மெலிந்திருக்கும். இழை முழுவதும் ஓடுவது ஒரே மின்னோட்டம். மெலிந்த இடத்தில் தடை அதிகம் என்பதால் அங்கேதான் வெப்பமும் அதிகம். அந்த இடம் முந்திக்கொண்டு சூடாகிறது, அதனால் தடை கூடி மேலும் சூடாகிறது. மற்ற பகுதி இன்னும் ஆறிக் கிடப்பதால் மின்னோட்டத்தை மட்டுப்படுத்த ஆளில்லை. 'பட்'டென்று அறுந்துவிடுகிறது.

குண்டு பல்பு பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே ஃபியூஸ் ஆவதன் காரணம் இதுதான். போட்டவரின் கைராசியைக் குறை சொல்வது எங்கள் தெருவில் வழக்கமாக இருந்தது. அதிலும் அந்தப் பழி வீட்டுக்கு வந்த மருமகள் தலையில்தான் விழும். பௌதிகம் பாவம், யாருக்கும் மாமியார் இல்லை.

எல்லாக் கம்பியும் இப்படி ஆடாது. 1000 வாட் அயர்ன் பாக்ஸுக்குக் கணக்குப்படி 53 ஓம். பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு அளந்தாலும் கிட்டத்தட்ட அதே எண் வரும். அதில் இருப்பது நிக்ரோம். நிக்கல், குரோமியம் அணுக்கள் தாறுமாறாகக் கலந்திருப்பதால் குளிர்ந்த நிலையிலேயே எலக்ட்ரான்கள் போதுமான அளவு சிதறிக்கொண்டிருக்கின்றன. சூடு புதிதாகக் கெடுக்க அதிகமில்லை.

ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த கியோர்க் ஓமுக்கு வெப்பநிலையின் அருமை நன்றாகத் தெரியும். அன்றைய மின்கலங்களின் அழுத்தம் நிலையாக நிற்காததால், ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்த வெப்ப இரட்டையை (இரு வேறு உலோகங்களை இணைத்து, முனைகளின் வெப்ப வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் அமைப்பு) மின்மூலமாகப் பயன்படுத்திச் சோதனை செய்தார். 1827-ல் அவர் வெளியிட்ட, மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற விதியை நாம் சொல்லும்போது 'வெப்பநிலை மாறாதிருக்கும்போது' என்று தொடங்குகிறோம். மாணவர்கள் அதை ஸ்லோகம் போல ஒப்பித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். ஆய்வகத்தில் தருவதும் மாங்கனின், கான்ஸ்டன்டன் போன்ற, சூட்டுக்குத் தடை அதிகம் மாறாத சாதுவான உலோகக் கலவைக் கம்பிகள். வரைபடம் கோணாமல் நேராக வரும், முழு மதிப்பெண் கிடைக்கும். பன்னிரண்டு வோல்ட் வண்டி பல்பு ஒன்றைக் கொடுத்து, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி அளக்கச் சொன்னால் கோடு வளையும், கேள்வி பிறக்கும். ஸ்மார்ட் போர்டுக்கு ஆகும் செலவில் ஒரு வகுப்புக்கே மல்டிமீட்டர் வாங்கிவிடலாம் என்பது என் நெடுநாள் புலம்பல்.

இந்த வளையும் கோட்டை நம்பிப் பிழைப்பவர்கள் டிவி, ஆம்ப்ளிஃபையர் மெக்கானிக்குகள். அவர்கள் கடையில் சீரிஸ் போர்டு என்று ஒன்று இருக்கும்: பழுதான செட்டுக்குப் போகும் வயரில் தொடராக ஒரு 100 வாட் குண்டு பல்பு. செட் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் 230 வோல்ட்டும் பல்பின் மேல் விழும். பல்பு பளீரென்று எரியும். தடை 529 ஓமுக்கு ஏறி, மின்னோட்டம் அரை ஆம்பியரைத் தாண்டாமல் நிற்கும், செட்டில் வேறெதுவும் கருகாது. செட் நன்றாக இருந்து கொஞ்சமாக இழுத்தால் இழை சூடாவதில்லை. தடை நாற்பது ஓமுக்கு அருகிலேயே கிடக்கும், செட்டுக்கு ஏறக்குறைய முழு வோல்ட்டும் போய்ச் சேரும். எல்இடி பல்பை மாட்டினால் இந்த வேலை நடக்காது. அதனால்தான் ஊரெல்லாம் எல்இடிக்கு மாறிய பிறகும் அந்தக் கடைகளில் குண்டு பல்பைத் தேடி வாங்கி வைத்திருக்கிறார்கள்.